பலகையில் இருக்கும் பெயர்களை எவ்வளவு நம்பலாம்?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேலைக்காகக் குடிபோன, இங்கிலாந்தின் கம்பிரியா மாவட்டத்துக் கிராமத்தில் ஒரே ஒரு பப் இருக்கிறது. வாசலில் ‘1602 முதல்’ என்று பொன்னெழுத்தில் எழுதியிருக்கிறார்கள். உள்ளே கணப்புக்கு மேலே ஒரு மரப்பலகை; 1761 தொடங்கி இன்றுவரை அதை நடத்திய லேண்ட்லார்டுகளின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. ‘இந்தப் பப் உண்மையிலேயே அவ்வளவு பழையதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விஷயம் இருப்பது கேள்வியின் கடைசி வரியில்: ‘இத்தனை பேரும் அதற்குச் சொந்தக்காரர்களா, இந்தப் பெயர்களை யார் எங்கிருந்து எடுத்தார்கள்?’ சுவரின் வயதைக் கட்டடம் தெரிந்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பெயர்களைப் பற்றி என்னால் பேச முடியும். வடமேற்கு இங்கிலாந்தில் ஓர் ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் இருபது ஆண்டுகள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். ‘எங்கள் பாட்டனார் பப் நடத்தினாராம்’ என்று வருபவர்களுக்குக் கட்டுக்களை எடுத்துக் கொடுத்ததுதான் அதில் பாதி வேலை. பீர் குடித்ததில்லை, பப்புக்குப் போனால் எலுமிச்சை சோடாதான்.

ஒரு பப்புக்கு மூன்று வயது உண்டு. சுவரின் வயது ஒன்று, அங்கே மது விற்க உரிமம் வந்த வயது ஒன்று, வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையின் வயது ஒன்று. விளம்பரம் எழுதுபவர் இந்த மூன்றில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வார். 1602இல் கட்டிய பண்ணைவீடு 1830இல் பப் ஆகியிருந்தால் ‘1602 முதல்’ என்பது முழுப்பொய்யும் ஆகாது, மெய்யும் ஆகாது. இங்கிலாந்தின் மிகப் பழைய பப் தாங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளும் கடைகள் பல இருக்கின்றன. செயின்ட் ஆல்பன்ஸ் ஊரின் ‘ஃபைட்டிங் காக்ஸ்’ எட்டாம் நூற்றாண்டுக்கே போகிறது. ஆனால் அந்தக் கட்டடம் முதலில் புறா வளர்க்கும் மாடம், அதுவும் பதினாறாம் நூற்றாண்டுக்கு முன்னால் அந்த இடத்தில் இல்லை. கின்னஸ் சாதனைப் புத்தகமே இந்தப் போட்டியைச் சரிபார்க்க முடியாது என்று கைவிட்டுவிட்டது.

பெயர்ப்பலகை இன்னும் மோசமான சாட்சி. ‘ராயல் ஓக்’ என்ற பெயர் 1651இல் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் ஒரு கருவாலி மரத்தில் ஒளிந்திருந்ததை ஒட்டி வந்தது. எனவே அந்தப் பெயர் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஆனால் அதே வீட்டில் அதற்கு முன்பு வேறு பெயரில் ஏல் என்ற பழைய வகைப் பீர் விற்றிருக்கலாம். ‘ரெட் லயன்’ பெயர்கள் எல்லாம் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் ஆணையால் வந்தவை என்று சொல்வார்கள். நல்ல கதை, அவ்வளவுதான். அந்தந்த ஊர்ப் பிரபுவின் குலச்சின்னத்தில் சிங்கம் இருந்தாலும் இதே பெயர்தான் வந்திருக்கும். போதாததற்கு, லேண்ட்லார்ட் எதிர்வீட்டுக்கு மாறும்போது பெயர்ப்பலகையையும் கழற்றிக்கொண்டு போவது உண்டு. இதில் நானே சறுக்கியிருக்கிறேன். ஒரு குடும்பத்துக்கு அவர்களுடைய கொள்ளுத்தாத்தாவின் பப் இதுதான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். அவர்கள் போய்ப் படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியும் விட்டார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு பழைய நிலவரைபடம் கைக்கு வந்தது. அந்தப் பெயர் தெருவின் இந்தப் பக்கத்துக்கு வந்ததே தாத்தா செத்த பிறகு. கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டேன். படத்தைக் கழற்றினார்களா என்று கேட்கத் துணிவு வரவில்லை.

இனி, சொந்தக்காரர்களா என்ற கேள்வி. பெரும்பாலும் இல்லை. லேண்ட்லார்ட் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு வாடகை வாங்குபவர் நினைவுக்கு வருகிறார். பப்பில் அவர் வாடகை கொடுப்பவர். விருந்தினருக்கு அந்த வீட்டின் தலைவர் அவர் என்ற பொருளில் சத்திரக் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. சட்டப்படி அவர் உரிமதாரர், அவ்வளவுதான். இன்னொரு சொல்லான ‘பப்ளிகன்’ இன்னும் வேடிக்கை. ரோமாபுரியில் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவனுக்கு இருந்த பெயர் அது. தமிழ் விவிலியம் வாசித்தவர்களுக்கு அவன் ‘ஆயக்காரன்’. ஆங்கில விவிலியத்தில் ஆயக்காரரும் பாவிகளும் ஒரே பந்தியில் உட்காரும் இடத்தில் இருப்பதும் இதே சொல்தான். பிற்காலத்து ஆங்கிலேயன் அதைத் தன் ஊர்ச் சாராயக் கடைக்காரனுக்குச் சூட்டிவிட்டான்.

பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு ஒரே பதில்தான்: அரசு எப்போது காசையோ ஒழுங்கையோ பற்றிக் கவலைப்பட்டதோ, அப்போது பெயர் எழுதப்பட்டது. கவலை இல்லாத காலத்தில் பெயரும் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் பலகையின் ஓட்டைகளை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

மிகப் பழைய தடம் பண்ணையார் நீதிமன்றங்களின் சுருள்களில் கிடைக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ரொட்டிக்கும் ஏலுக்கும் விலையும் அளவும் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. ஊருக்கு ஊர் ஏலைச் சுவைத்துப் பார்க்க ஓர் ஆள். விதியை மீறினால் சில பென்னி அபராதம். அதே ஆட்கள் தவணை தவறாமல் அதே அபராதத்தைக் கட்டுவதைப் பார்க்கும்போது, அது தண்டனை என்ற பெயரில் வாங்கிய உரிமக் கட்டணம் என்பது புரிந்துவிடும். அந்த வரிகளில் வருபவர்களில் நிறையப் பேர் பெண்கள். வீட்டு அடுப்பில் ஏல் காய்ச்சி, மிஞ்சியதை விற்றவர்கள். கணவன் பெயரில் அபராதம் எழுதியிருந்தாலும் காய்ச்சியவள் மனைவியாக இருப்பாள். ஆனால் இவர்கள் யாரையும் இன்றைய ஒரு பப்போடு சேர்த்துவிடாதீர்கள். அப்போது ஏல் எந்த வீட்டிலும் இருந்தது. இந்த வாரம் இவள் வீடு, அடுத்த வாரம் அவள் வீடு. போதாததற்கு, அந்தப் பதிவுகள் 1733 வரை இலத்தீனில் இருக்கும்.

1552இல்தான் ஏல் விற்க இரண்டு மாஜிஸ்ட்ரேட்டுகளின் அனுமதி வேண்டும் என்ற சட்டம் வந்தது. விற்பவர் பிணைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். சூதாட்டம் நடக்கவிட மாட்டேன், ஒழுங்காக நடத்துவேன் என்று. கூடவே ஜாமீன்காரர்கள் கையொப்பம். 1577இல் அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. எல்லா மாவட்டங்களும் பதில் அனுப்பவில்லை. வந்தவற்றிலேயே 14,000க்கு மேற்பட்ட ஏல்ஹவுஸ்கள், அதாவது ஏல் விற்கும் வீடுகள். தங்குமிடம் தரும் சத்திரங்கள் அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே ‘எங்கள் பப்பில் அந்த அரசர் படுத்தார், இந்த அரசி படுத்தாள்’ என்ற கதைகளைக் கேட்கும்போது சற்றுத் தள்ளி நில்லுங்கள். அன்றைய சராசரி ஏல்ஹவுஸ் ஒரு முன்னறையும் இரண்டு பெஞ்சும் ஒரு பீப்பாயும்தான்.

உங்கள் பலகை 1761இல் தொடங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது. 1753இல் வந்த ஒரு சட்டம் இந்தப் பிணைகளையெல்லாம் மாவட்ட எழுத்தர் ஒரு பதிவேட்டில் ஆண்டுதோறும் பதிய வேண்டும் என்றது. 1828 வரை இது நடந்தது. எங்கள் தொழிலில் அந்த எழுபத்தைந்து ஆண்டுகள்தான் நல்ல மழை பெய்த காலம். ஆனால் எல்லா மாவட்டங்களிலும் ஒரே அளவுக்கு ஏடுகள் பிழைக்கவில்லை. பிழைத்தவற்றிலும் பல இடங்களில் ஆளின் பெயரும் ஊரின் பெயரும் இருக்கும், கடையின் பெயர் இருக்காது. ஊரில் அன்று மூன்று ஏல்ஹவுஸ் இருந்திருந்தால் உங்கள் 1761ஆம் ஆண்டு மனிதர் எந்த வீட்டில் விற்றார் என்பது ஊகம். ஒருவருக்குப் பின் இன்னொருவர் என்று சங்கிலி போட்டுப் பின்னோக்கிப் போய்ச் சேரலாம். ஒரு கண்ணி அறுந்தாலும் அதற்கு முந்தைய பெயர்கள் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரருடையவையாக இருக்கக்கூடும்.

1828க்குப் பிறகு பெரிய பள்ளம். பதிவேடு வைக்கும் கட்டாயம் போயிற்று. அடுத்ததாக 1830இல் பீர்ஹவுஸ் சட்டம் வந்தது: வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி (இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல்) கட்டினால் பீர் விற்கலாம், மாஜிஸ்ட்ரேட்டைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஜின் சாராயத்திலிருந்து மக்களைப் பீருக்குத் திருப்புவது நோக்கம். சில மாதங்களுக்குள் நாடெங்கும் 24,000க்கு மேல் பீர்க்கடைகள் முளைத்தன. கொல்லன் பட்டறையிலும் தச்சன் கொட்டகையிலும் ஒரு பீப்பாய் ஏறியது. 1869இல்தான் இவை மீண்டும் மாஜிஸ்ட்ரேட்டுகளின் கைக்கு வந்தன; 1872க்குப் பிறகு உரிமப் பதிவேடுகள் ஒழுங்காகக் கிடைக்கின்றன. நடுவில் நாற்பது வருடம் வேறு கதவுகளைத்தான் தட்ட வேண்டும். 1836ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வரைந்த தசமபாக வரைபடங்கள் இருக்கின்றன; தசமபாகம் என்பது விளைச்சலில் பத்தில் ஒன்றாகத் தேவாலயத்துக்குக் கட்டிய பங்கு. ஒவ்வொரு மனைக்கும் உரிமையாளர் யார், குடியிருப்பவர் யார் என்று தனித்தனியே எழுதியிருப்பார்கள். உங்கள் ‘சொந்தக்காரரா’ கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் காகிதம் அது. 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கை கொடுக்கும். ஆனால் பப் நடத்தியவர் தன்னை ‘விவசாயி’ என்றோ ‘கொல்லர்’ என்றோகூடச் சொல்லியிருக்கலாம், ஏனென்றால் பகலில் அவர் அதுவாக இருந்திருப்பார். பீர் ஊற்றியது பெரும்பாலும் மனைவி; கணவன் இறந்ததும் உரிமம் அவள் பெயருக்கு மாறும்போதுதான் நமக்கே அவள் பெயர் தெரிய வருகிறது. வணிக விவரத் தொகுப்புகளும் உண்டு, ஆனால் அச்சாகி வருவதற்குள் தகவல் பழசாகிவிடும். அதில் இருக்கும் ஆள் அந்த ஆண்டில் இறந்தே போயிருக்கலாம்.

எனக்குப் பிடித்த ஆதாரம் பிரேத விசாரணைச் செய்தி. ஊரில் யாராவது ஆற்றில் விழுந்து இறந்தால் விசாரணை அதிகாரி உட்கார்வதற்குத் தோதான பெரிய அறை பப்பில்தான் இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இதுதான் வழக்கம். உள்ளூர்ப் பத்திரிகை ‘இன்னார் நடத்தும் இந்தப் பெயருள்ள வீட்டில் விசாரணை நடந்தது’ என்று எழுதும். ஆள், கடை, தேதி மூன்றும் ஒரே வரியில்.

நீங்கள் இருக்கும் மாவட்டத்திலேயே ஆவணம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. பட்டர்மியர் கிராமத்தில் ‘ஃபிஷ் இன்’ என்ற சிறு சத்திரத்தை ஜோசப் ராபின்சன் என்பவர் நடத்திவந்தார். 1792இல் ஒரு பயணி தன் புத்தகத்தில் அவர் மகள் மேரியின் அழகை எழுதிவைக்க, அவளைப் பார்ப்பதற்கென்றே சுற்றுலாக்காரர்கள் அந்த மலைச்சந்துக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பரிமாறியதும் அவள்தான். 1802 அக்டோபரில் கர்னல் ஹோப் என்று சொல்லிக்கொண்ட ஒருவன், தான் நாடாளுமன்ற உறுப்பினர், ஒரு பிரபுவின் தம்பி என்று சொல்லி, லார்ட்டன் தேவாலயத்தில் அவளை மணந்துகொண்டான். கவிஞர் கோல்ரிட்ஜ் இந்தத் திருமணத்தை லண்டன் பத்திரிகைக்கு எழுதியனுப்பினார், உண்மையான கர்னல் ஹோப்பை நன்றாகத் தெரிந்தவர்கள் அதைப் படித்தார்கள், குட்டு உடைந்தது. ஆளின் உண்மைப் பெயர் ஜான் ஹாட்ஃபீல்ட், ஏற்கெனவே மனைவி உள்ளவன். அவனைத் தூக்கில் போட்டது பெண்ணை ஏமாற்றியதற்காக இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் கடிதத்துக்குத் தபால் கட்டணம் கிடையாது. அப்படிக் கடிதங்களிலும், கூடவே பணம் பெறும் சீட்டுகளிலும் போலிக் கையெழுத்துப் போட்டதற்காக. 1803 செப்டம்பர் 3, கார்லைல். ராபின்சன் குடும்பத்தின் சத்திரத்தைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவது அந்தப் போலிக் கையெழுத்தின் புண்ணியத்தால். ஒழுங்காக நடந்து, யாரும் ஏமாறாத பக்கத்து ஊர்ச் சத்திரங்கள் ஏட்டில் ஒற்றை வரி. மேரி பிறகு கால்ட்பெக் ஊர் விவசாயி ஒருவரை மணந்து 1837இல் இறந்தார். கல்லறை அந்த ஊர்த் தேவாலய வளாகத்தில் இருக்கிறது, உங்களுக்குத் தூரமாக இராது.

லேண்ட்லார்டே தன் கதையை எழுதவைத்த ஊர் வாஸ்டேல் ஹெட். வில் ரிட்சன், 1808 முதல் 1890 வரை வாழ்ந்தவர். பண்ணைவீட்டோடு ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டி 1856இல் உரிமம் வாங்கினார். எங்கள் பள்ளத்தாக்கில் முளைக்கும் டர்னிப் கிழங்கு அவ்வளவு பெரிது, ஊர் மக்கள் அதைக் கல்லுடைப்பதுபோல் குடைந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு, குடைந்த கூட்டை ஆட்டுக்கொட்டகை ஆக்கிக்கொள்வார்கள் என்பது அவர் விருந்தினருக்குச் சொன்ன பொய்களில் ஒன்று. இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலையும் மிக ஆழமான ஏரியும் மிகச் சிறிய தேவாலயமும் மிகப் பெரிய பொய்யனும் வாஸ்டேலில்தான் என்பார். மலையும் ஏரியும் மெய், தேவாலயம் வாதத்துக்குரியது, நான்காவதை யாரும் மறுக்கவில்லை. சாண்டன் பிரிட்ஜ் பப்பில் அவர் நினைவாகப் பொய்சொல்லும் போட்டி நடக்கிறது. அரசியல்வாதிகளும் வழக்கறிஞர்களும் தொழில்முறை ஆட்கள் என்பதால் கலந்துகொள்ளக் கூடாது. பப் கதைகளை எடைபோடும்போது ரிட்சனை நினைத்துக்கொள்வது என் வழக்கம்: கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர் சொல்லும் வரலாறு வியாபாரத்தின் ஒரு பகுதி.

பலகையின் கீழ்ப்பாதிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுபான ஆலைகள் பப்புகளை வாங்கிக் குவித்தன. லேண்ட்லார்ட் ஆலைக்கு வாடகை கட்ட வேண்டும், அதன் பீரைத்தான் வாங்க வேண்டும். உங்கள் பலகையில் அந்தக் காலத்துக்குப் பிறகு பெயர்கள் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கார்லைல் வட்டாரத்தில் கதை வேறு: கிரெட்னா வெடிமருந்துத் தொழிற்சாலை ஊழியர்களின் குடியைக் கட்டுப்படுத்த 1916இல் அரசே பப்புகளையும் ஆலைகளையும் எடுத்துக்கொண்டது, 1973 வரை விடவில்லை. அங்கே லேண்ட்லார்ட் மாதச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர். டாஸ்மாக் நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கோப்புகளைப் பார்த்ததும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அங்கே நோக்கம் விற்பனையைக் கூட்டுவதாக இல்லை என்பது பெரிய வேறுபாடு. 1989இல் 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருந்த ஆலைகளின் பிடியைத் தளர்த்த அரசு ஆணை போட்டது. ஆலைகள் விற்றவற்றைப் பெரிய சொத்து நிறுவனங்கள் வாங்கின. முதலாளி மாறினார், குத்தகைதாரரின் கழுத்தில் இருந்த பிடி மாறவில்லை. இதற்கு மாறாக ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தார் 2003இல் தங்கள் ‘ஓல்ட் கிரவுன்’ பப்பைக் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கிவிட்டார்கள். அங்கே இப்போது குடிப்பவர்களில் பலர் முதலாளிகள்.

நடத்துபவரின் பெயரை வாசலின் மேல் எழுதிவைக்கும் கட்டாயமும் 2005 நவம்பரோடு போயிற்று. உரிமம் வழங்கும் வேலை மாஜிஸ்ட்ரேட்டுகளிடமிருந்து உள்ளாட்சி மன்றத்துக்கு மாறியது. அதனால் பலகையின் கடைசிப் பெயர்களைக்கூட மன்றத்தின் பதிவேட்டில் சரிபார்ப்பது நல்லது.

நீங்கள் அடுத்த முறை போகும்போது ஒன்று செய்யுங்கள். 1828க்கும் 1872க்கும் இடையே பலகையில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன, அவற்றுக்கு ஆண்டுகள் துல்லியமாக இருக்கின்றனவா என்று குறித்துக்கொண்டு இங்கே எழுதுங்கள். அந்தப் பகுதி நெருக்கமாக, ஓர் ஆண்டும் விடாமல் நிரம்பியிருந்தால் பலகை எழுதியவரிடம் ஆதாரம் கேட்க வேண்டியிருக்கும். இடைவெளி விட்டிருந்தால், அல்லது ஒரு பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தால், அவர் பதிவேட்டைத் தொட்டுப் பார்த்தவர். 1761க்காரரின் பெயரையும் எழுதுங்கள். ஊரின் தசமபாக வரைபடத்தில் அந்தக் குடும்பப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.